எட்டாவது நிமிடத்தில் நிற்கும் ரெக்கார்டர்: கோளாறு ரெக்கார்டரிலா, டிரைவிலா?

காவேரிப்பட்டணம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேமரா மேல் மாட்டும் ஐந்தங்குல ரெக்கார்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். ஆன்லைன் சலுகையில் கிடைத்த ஒரு டெராபைட் எஸ்எஸ்டியை, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிரைவை, அதில் போட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரி. முகூர்த்தத்தில் 4கேவில், ஆப்பிளின் புரோரெஸ் என்ற வீடியோ வடிவத்தின் உயர்தர எச்கியூ வகையில் ஓட்டியபோது ஏழெட்டு நிமிடத்தில் ஃப்ரேம் விடுகிறது என்று எச்சரிக்கை வந்து, அப்புறம் பதிவே நின்றுவிட்டது. "பெட்டியில் 530 மெகாபைட் வேகம் என்று போட்டிருக்கிறதே அண்ணா, ரெக்கார்டர்தான் பழுதா? நம்பி வாங்க எந்த டிரைவ் நல்லது?" என்பது கேள்வி.

தம்பி, ரெக்கார்டரைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டாம். ஏழெட்டு நிமிடம் என்று நீங்கள் சொன்ன நேரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கோளாறு டிரைவில். டிரைவ் கெட்டுப்போயிருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அது பிறந்ததே இந்த வேலைக்கு இல்லை.

முதலில் ரெக்கார்டர் எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்போம். 4கே, அதாவது 3840க்கு 2160, நொடிக்கு 25 ஃப்ரேம், புரோரெஸ் 422 எச்கியூ என்றால் ஆப்பிள் கொடுத்திருக்கும் கணக்கு நொடிக்கு 737 மெகாபிட். எட்டால் வகுத்தால் சுமார் 92 மெகாபைட். மணிக்கு 332 ஜிபி. உங்கள் ஒரு டெராபைட்டில் மூன்று மணி நேரம் அடங்கும். டிரைவ் 530 தருகிறேன் என்கிறது, ரெக்கார்டர் 92தான் கேட்கிறது, ஐந்து மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் திணறுகிறது?

நம்ம பக்கம் எருது விடும் விழா பார்த்திருப்பீர்கள். வாடியிலிருந்து அவிழ்த்த மாடு குறித்த தூரத்தைச் சில நொடிகளில் கடந்து போகும். யார் மாடு குறைந்த நொடி என்பதற்குத்தான் பரிசு. அதே மாட்டை வண்டியில் பூட்டி, மூட்டை ஏற்றி, ராத்திரி முழுக்கச் சந்தைக்கு ஓட்டச் சொன்னால் என்ன ஆகும்? பெட்டியில் அச்சடித்த 530 என்பது அந்த விழா மாட்டின் வேகம். ரெக்கார்டருக்கு வேண்டியது வண்டி மாடு. 92ஐ மூன்று மணி நேரம் ஒரே சீராக, ஒரு நொடி கூட நிற்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நின்றால் அந்த நொடியின் ஃப்ரேம் போயிற்று. கம்ப்யூட்டரில் ஃபைல் காப்பி செய்யும்போது டிரைவ் மெதுவானால் நாம் டீ குடித்துவிட்டு வரலாம். தாலி கட்டுகிறவர் காத்திருக்க மாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் சிப்பில் ஒவ்வொரு செல்லிலும் (டேட்டாவை வைக்கும் சின்ன அறை) எத்தனை பிட் எழுதுகிறார்கள் என்பதை வைத்து டிஎல்சி, கியூஎல்சி என்று பிரிப்பார்கள். டிஎல்சியில் மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு. செல்லுக்குள் எவ்வளவு திணிக்கிறோமோ, எழுதுவது அவ்வளவு மெதுவாகும். அதை மறைக்க, டிரைவ் தன் செல்களில் கொஞ்சத்தை ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான இடமாக ஒதுக்கிக்கொள்ளும். வருகிற டேட்டா முதலில் அங்கே இறங்கும். அதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். அந்த இடம் நிரம்பும் வரை ராஜ வேகம். நிரம்பிய பிறகுதான் டிரைவின் சொந்த வேகம் தெரியும்.

ஒரு கம்பெனி தானே வெளியிட்ட எண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம். சாம்சங் 870 கியூவிஓ, கியூஎல்சி டிரைவ், ஒரு டெராபைட். வேகமான இடம் 42 ஜிபி. அது தீர்ந்த பிறகு எழுதும் வேகம் 80 மெகாபைட் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. நொடிக்கு 92 வீதம் கொட்டினால் 42 ஜிபி நிரம்ப எத்தனை நேரம்? சுமார் 456 நொடி, அதாவது ஏழரை நிமிடம். அதற்கு மேல் 92 வருகிறது, 80தான் போகிறது. நொடிக்கு 12 மெகாபைட் போக இடமில்லாமல் தேங்கும். ரெக்கார்டரிடம் இருக்கும் சின்ன நினைவகம் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் கையை விரித்துவிடும். உங்கள் டிரைவ் எந்தக் கம்பெனியுடையது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஏழெட்டு நிமிடம் இந்தக் கணக்கோடு பொருந்துகிறதா இல்லையா?

இன்னொரு சிக்கல். அந்த 42 ஜிபியில் நிரந்தரமாக ஒதுக்கியது 6 ஜிபிதான். மீதி 36, டிரைவில் காலி இடம் இருந்தால் மட்டும் கடன் வாங்கிக்கொள்வது. போன வார ரிசப்ஷன் ஃபுட்டேஜை அழிக்காமல், பாதிக்கு மேல் நிரம்பிய டிரைவோடு மண்டபத்துக்குப் போனால் வேகமான இடம் சுருங்கிவிடும். 6 ஜிபி மட்டும் மிஞ்சினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். "போன கல்யாணத்தில் பத்து நிமிடம் ஓடியது, இந்தக் கல்யாணத்தில் ஒரு நிமிடத்தில் நின்றது, ரெக்கார்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பேயெல்லாம் இல்லை, போன கல்யாணம்தான் உள்ளே இருந்தது.

வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கேஷ் நிரம்பாது. அதோடு, வீட்டில் கேமராவை எதற்கு நேராக வைத்தீர்கள்? சுவருக்கு நேராகத்தான் வைத்திருப்பீர்கள். புரோரெஸ் காட்சிக்குக் காட்சி டேட்டா அளவை மாற்றும். வெள்ளைச் சுவருக்கும், மூடிய லென்ஸுக்கும் கொஞ்சம் பிட் போதும். அட்சதை பறக்கும் மேடைக்கும், சீரியல் பல்பு மினுக்கும் பின்னணிக்கும் முழு அளவு வேண்டும். ஆகவே சோதனை போடுவதானால் காற்றில் ஆடும் மாமரத்துக்கு நேராகப் போடுங்கள். கிருஷ்ணகிரியில் மாமரத்துக்கா பஞ்சம்?

சரி, எதை வாங்குவது?

பெட்டியின் முன்பக்க எண்ணைப் பார்க்காதீர்கள். இரண்டு விஷயம் பாருங்கள்: டிஎல்சியா, டிராம் இருக்கிறதா. டிராம் என்பது எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற கணக்கேட்டை டிரைவ் வைத்துக்கொள்ளும் தனி நினைவகச் சிப். அது இல்லாத மலிவு டிரைவுகள் அந்தக் கணக்கையும் ஃபிளாஷிலேயே தேடி எழுத வேண்டியிருப்பதால் நீண்ட பதிவில் வேகம் ஏறி இறங்கும். சாம்சங் 870 ஈவிஓ, குரூஷியல் எம்எக்ஸ்500 இரண்டும் டிஎல்சி, இரண்டிலும் டிராம் உண்டு, இந்த வேலையில் நான் நம்புகிறவை. பெயரில் ஏமாறாதீர்கள். குரூஷியலிலேயே பிஎக்ஸ்500 என்று ஒன்று உண்டு. ஓரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் அதில் டிராம் கிடையாது. சாம்சங்கிலும் ஈவிஓ வேறு, கியூவிஓ வேறு. இன்னொரு கூத்து, சாம்சங் டிஎல்சியை "3 பிட் எம்எல்சி" என்றும் கியூஎல்சியை "4 பிட் எம்எல்சி" என்றும் எழுதும். எம்எல்சி என்ற பழைய நல்ல பெயரைப் பார்த்து, பரவாயில்லையே என்று வாங்கிவிடக் கூடாது. முன்னால் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

பெயர் ஒன்றே, உள்ளே சரக்கு வேறு என்பதும் நடக்கும். 2021இல் குரூஷியல் பி2 என்ற டிரைவில், பெயரை மாற்றாமலே டிஎல்சியை எடுத்துவிட்டு கியூஎல்சி போட்டிருந்தது சோதனைகளில் வெளிவந்தது. ஆகவே மூன்று வருடத்துக்கு முன் எழுதிய விமர்சனத்தை நம்பி இன்று வாங்கும் டிரைவை முடிவு செய்யாதீர்கள். ரெக்கார்டர் கம்பெனி தன் தளத்தில் சோதித்த டிரைவுகளின் பட்டியல் வைத்திருக்கும். அதில் மாடல் எண்ணை மட்டுமல்ல, கொள்ளளவையும் ஒத்துப் பாருங்கள். கொள்ளளவு கூடினால் பல நேரம் வேகமும் கூடும், ஒரே நேரத்தில் எழுத அதிகச் சிப்புகள் கிடைப்பதால். மேலே சொன்ன கியூவிஓவிலேயே ஒரு டெராபைட்டுக்கு 80 என்றால் இரண்டு டெராபைட்டுக்கு 160.

உங்கள் கையில் இருப்பது அட்டமாஸ் நிஞ்சா வி வகை என்றால் அது சாட்டா என்ற இணைப்பு வகை டிரைவைத்தான் எடுக்கும். சாதாரண 2.5 அங்குல டிரைவை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் திருகி மாட்ட வேண்டும். அந்தக் கூட்டுக்கு இங்கிலீஷில் கேடி என்று பெயர். நம்ம ஊரில் கேடி என்றால் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள். கடைக்காரரிடம் போய் "ஒரு கேடி வேண்டும்" என்று கேட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. எஸ்எஸ்டி மினி என்ற குட்டை வகை ரெக்கார்டரின் உடம்போடு பதிந்து உட்காரும், விலை அதிகம். எம்.2 சிப்பை ஒரு கூட்டில் போட்டு மாட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. சாட்டா எம்.2வும் உண்டு, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகை எம்.2வும் உண்டு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் என்விஎம்இ, அது சாட்டா கூட்டில் உயிர் பெறாது.

பிளாக்மேஜிக் வீடியோ அசிஸ்ட் 12ஜி வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அது யுஎச்எஸ்-2 எஸ்டி கார்டிலும் எழுதும், யுஎஸ்பி-சி வழியே வெளி எஸ்எஸ்டியிலும் எழுதும். எஸ்டி கார்டில் ஒரு நல்ல பழக்கம், வி30, வி60, வி90 என்று போட்டிருப்பது குறைந்தபட்சம் தொடர்ந்து தரும் வேகம். பெட்டியில் அடிக்கும் உச்ச வேகம் தனி எண். எஸ்எஸ்டிக்காரர்கள் எல்லோரும் பெட்டியிலேயே இப்படி ஓர் எண் போட்டிருந்தால் இந்தப் பதிலுக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் வேடிக்கை பாருங்கள், வி90 உறுதி தருவது 90, எச்கியூ கேட்பது 92. கயிற்று மேல் நடக்கிற கதை. யுஎஸ்பி-சி எஸ்எஸ்டி என்றால் கேபிளை ரிக்கில் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். கூட்டத்தில் ஒரு சிறுவன் இடித்தால் போதும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. எச்டி காலத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடியத் தெருக்கூத்து. அன்றைய ரெக்கார்டரில் லேப்டாப் ஹார்டு டிஸ்க் போட்டிருந்தேன். 1080 எச்கியூவுக்கு நொடிக்கு 23 மெகாபைட் இருந்தால் போதும், டிஸ்க் அதைப் போல மூன்று மடங்கு தரும், கவலையே இல்லை என்று நினைத்தேன். முன்மாலையில் பிரச்சினை இல்லை. கூட்டம் மறைக்கிறது என்று டிரைபாடை ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். மிருதங்கமும் தாளமும் ஏறி, கட்டியங்காரன் பாட்டை எடுத்ததும் ஃப்ரேம் விட ஆரம்பித்தது. பாட்டு அடங்கினால் சரியாகும், அடி விழுந்தால் விடும். ரெக்கார்டர் மேல் கையை வைத்தபோதுதான் தெரிந்தது, மொத்த ரிக்கும் அடிக்கு அடி அதிர்ந்துகொண்டிருந்தது. தட்டுக்கு மேல் தலைமுடியை விட மெல்லிய இடைவெளியில் ஊசி மிதக்கிறது. அதிர்ந்தால் தடம் தவறும், திரும்பத் தேடி எழுதும், அந்தத் தேடலில்தான் ஃப்ரேம் போகும். பறை, தவில், டிஜே இருக்கும் எந்த இடத்துக்கும் ஹார்டு டிஸ்க் ஆகாது. ஸ்டூடியோவில் பத்திரப்படுத்துவதற்கு அதுவே நல்லது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிரைவ் எத்தனை வருடம் வரும் என்ற பயம் பலருக்கு உண்டு. 870 ஈவிஓ ஒரு டெராபைட்டுக்கு 600 டெராபைட் எழுதும் வரை, அல்லது ஐந்து வருடம் உத்தரவாதம். ஒரு கல்யாணத்துக்கு டிரைவ் முழுக்க நிரப்பி, வருடம் ஐம்பது முகூர்த்தம் எடுத்தாலும் 600ஐத் தொட பன்னிரண்டு வருடம். எழுதித் தேய்ந்து செத்த டிரைவை நான் இன்னும் பார்க்கவில்லை. நம் தொழிலில் டிரைவ் சாவது இணைப்பு முள்ளில். சாட்டா இணைப்பு கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துவிடுவதற்காக வந்தது, தினமும் பிடுங்கி மாட்டுவதற்கு இல்லை. அதனால் ஒவ்வொரு டிரைவுக்கும் தனிக் கூடு வாங்கி நிரந்தரமாகத் திருகிவிடுங்கள். கூட்டோடு சேர்த்து, கம்ப்யூட்டரோடு இணைக்கும் டாக்கில் செருகி ஃபுட்டேஜ் இறக்குங்கள், வெறும் டிரைவைக் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள். ஒகேனக்கல்லில் பரிசலில் ஜோடியை வைத்து எடுக்கப் போகிறவர்கள், அருவிச் சாரல் பட்ட ரெக்கார்டரில் அங்கேயே டிரைவ் மாற்றாதீர்கள். துடைத்து, காருக்குள் வந்து மாற்றுங்கள். அதே கார் சித்திரை வெயிலில் நின்றால் டேஷ்போர்டில் டிரைவை வைக்காதீர்கள். வேலை செய்யும்போது 70 டிகிரி வரைதான் பெரும்பாலான எஸ்எஸ்டிகளின் கணக்கு. வெயிலில் கொதித்த டிரைவை நேரே ரெக்கார்டரில் செருகினால் அந்த எல்லை பக்கத்திலேயே இருக்கும்.

கரண்டு விஷயம் டிரைவை விட முக்கியம் என்பேன். புரோரெஸ் எம்ஓவி ஃபைலில், எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடியும். நடுவில் கரண்டு போனால் ஒரு மணி நேரக் காட்சியும் டிரைவில் இருக்கும், ஆனால் எந்தப் பிளேயரும் திறக்காது. மண்டபத்தில் கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம் ஆகும், ரெக்கார்டர் சாக அரை நொடி போதும். சுவர் அடாப்டரை மட்டும் நம்பாமல் பேட்டரியில் ஓட்டுங்கள், நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குத் தயாராகும் முன் புதுப் பேட்டரி மாற்றிவிடுங்கள். அப்படியே ஃபைல் மூடாமல் போய்விட்டால் பதறி ஃபார்மட் செய்யாதீர்கள், அதன் மேல் எதையும் பதியாதீர்கள். அதே ரெக்கார்டரில் திரும்ப மாட்டி ஆன் செய்யுங்கள், சில ரெக்கார்டர்கள் தாமே சரிசெய்யப் பார்க்கும். முடியாவிட்டால் அன்ட்ரங்க் போன்ற மென்பொருள் உண்டு. அதற்கு அதே கேமரா, அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று மாதிரியாக வேண்டும்.

அதை விடச் சுலபமான காப்பு ஒன்று உங்களிடமே இருக்கிறது. ரெக்கார்டர் ஓடும்போதே கேமராவின் சொந்தக் கார்டிலும் பதிவை ஓட விடுங்கள். தரம் ஒரு படி கம்மிதான். ஆனால் தாலி கட்டுக்கு ரீடேக் கிடையாது.

இப்போது, வாங்கி வைத்துவிட்ட அந்த டிரைவை என்ன செய்வது? எறிய வேண்டாம். எச்கியூவிலிருந்து இறங்குங்கள். அதே 4கே 25இல் சாதா புரோரெஸ் 422 நொடிக்கு 62 மெகாபைட், அதை விடச் சுருக்கிய எல்டி வகை 43. கேஷ் தீர்ந்தும் 80 தரும் டிரைவ் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். மூன்றுமே பத்து பிட்தான், கலர் கிரேடிங்குக்குப் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், கல்யாண வேலைக்கு எச்கியூ வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. கடைசியில் பென்டிரைவிலும் யூடியூப்பிலும் போகும் படத்துக்கு எல்டி போதும், ஒரு டெராபைட்டில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். எச்கியூ போட்டதற்காக எந்தப் பெண் வீட்டாரும் எனக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்ததில்லை. ஆனால் 50 ஃப்ரேமில் எச்கியூ எடுக்க வேண்டி வந்தால் 184 மெகாபைட் வேண்டும், அப்போது இந்த டிரைவை நினைக்கவே நினைக்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் இரண்டு டெராபைட் ஒன்றை விட, ஒரு டெராபைட் டிஎல்சி இரண்டு வாங்குங்கள். ரிசப்ஷன் ஒன்றில், முகூர்த்தம் இன்னொன்றில். ஒன்று தொலைந்தாலும் பாதி மிஞ்சும். பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைத்தெரு பக்கத்தில்தானே என்று போகிறவர்கள் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் உண்டு. உத்தரவாதம் டிரைவுக்குத்தான், உள்ளே இருந்த கல்யாணத்துக்கு இல்லை.

வேலை முடிந்த இரவே ஃபுட்டேஜை இரண்டு ஹார்டு டிஸ்கில் இறக்குங்கள். ஹார்டு டிஸ்க் உதவுவது இங்கேதான். எஸ்எஸ்டியை மாதக்கணக்கில் கரண்டு இல்லாமல் பீரோவில், அதுவும் சூட்டில் வைத்தால் செல்லில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். பத்திரப்படுத்த அது ஆகாது. இரண்டு பிரதியும் திறக்கிறதா என்று பார்த்த பிறகு டிரைவை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். டிரைவில் இருப்பதை இறக்கிவிட்டு, டாக்கில் செருகி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை முழுக் கொள்ளளவுக்கும் ஓட விடுங்கள். அது கடைசி ஜிபி வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். போலியா என்பதும் தெரியும், சராசரி எழுதும் வேகமும் தெரியும். ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள், எத்தனையாவது ஜிபியில் எந்த எண்ணுக்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை விட அந்த எண்தான் முக்கியம். 80ஐ ஒட்டி விழுந்தால் எல்டியில் வைத்து ஓட்டுங்கள். 50க்கும் கீழே போனால் எல்டிக்கும் நம்ப முடியாது, எடிட்டிங் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுங்கள். 300க்கு மேல் சீராக நின்றால் நான் சொன்னது தப்பு, அப்போது ரெக்கார்டரையும் கூட்டின் முள்ளையும் தர்மபுரிக்குக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.